பீலி சூடிய வேலும் முனை மழுங்கிய வேலும்

தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். அங்கே அவர் பாடிய பாடல் புறநானூற்றில் 95-ஆவதாக அமைந்துள்ளது. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமிதத்துடன் காட்டுகிறான். அங்குள்ள கருவிகள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மாளிகையில் ஒளிர்கின்றன. ஔவையார் அவற்றை நன்றாக நோக்குகிறார். பின்னர், தம் தலைவனின் வேல்கள் இங்ஙனம் இல்லை என்கிறார். அவை பகைவரைக் குத்திப் பக்கமும் முனையும் சிதைந்தமையால் கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றனவாம்.

மேலோட்டமாகப் படிப்போர்க்கு இது தொண்டைமானைப் புகழ்ந்து அதியமானைத் தாழ்த்தியது போலத் தோன்றும். சற்றே நின்று நினைப்போர்க்குப் பொருள் தலைகீழாகும். பளபளப்பு என்பது பயன்படாமைக்குச் சான்று. சிதைவு என்பது உழைப்புக்குச் சான்று. பாடலின் இறுதியில் அதியமானின் உணவைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அதனை இக்கட்டுரையின் முடிவில் காண்போம்.

அசோகனின் கல்வெட்டுகளில் ‘சத்தியபுத்திரர்’ எனக் குறிக்கப்பெற்றோர் யாவர் என்ற வினா நெடுங்காலம் ஆய்வாளர்களை வருத்தியது. 1981-ஆம் ஆண்டு திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் கண்டெடுக்கப்பெற்ற தமிழிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியையே அப்பெயரால் அழைக்கிறது. அதியர் குலப்பெயரின் வடபுல வடிவமே அது என்பது அறிஞர் கருத்து. எனினும் சொல்லை மட்டும் நோக்கின் ‘உண்மையின் மகன்’ எனப் பொருள்படும் ஒரு பட்டம் இம்மண்ணின் தலைவனுக்கு வாய்த்திருப்பது சிந்திக்கத்தக்கது. அன்றாட விசுவாச வாழ்வில் மெய்யாக வாழ்வது எங்ஙனம் என்ற வினாவை எழுப்ப இம்மண்ணைவிடப் பொருத்தமான இடம் வேண்டுவதில்லை.

வேடம் என்னும் சொல்

இயேசு பெருமான் கடிந்துரைத்த குற்றங்களுள் அவர் மீண்டும் மீண்டும் சுட்டியது வெளிவேடம். நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் இதற்கு ஆளப்பெற்றுள்ள சொல் முதலில் நாடக மேடையில் நடிப்பவனைக் குறித்தது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘வெளிவேடக்காரர்’ என்று அதனைத் தமிழாக்கியிருப்பது மிகவும் பொருத்தமானது. கூத்தும் வேடமும் அறிந்த வடதமிழ்நாட்டு மக்களுக்கு இச்சொல்லின் பொருள் தானே விளங்கும்.

மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் எடுத்துக்காட்டும் செயல்கள் மூன்று: அறம் செய்தல், இறைவேண்டல், நோன்பு. மூன்றும் நற்செயல்களே. பார்ப்போருக்காகச் செய்யப்படும்போது அவை நாடகமாகின்றன. நம் திருவள்ளுவரும் இதற்கெனவே ‘கூடாவொழுக்கம்’ என 28-ஆம் அதிகாரத்தை வகுத்தார். புலித்தோல் போர்த்துப் பயிர் மேயும் பசுவையும், சிவந்த மேனியும் கரிய மூக்கும் உடைய குன்றிமணியையும் அவர் காட்டுகிறார். நேராக நிற்கும் அம்பு கொடியது, வளைந்திருக்கும் யாழ் இனியது என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்தே. தோற்றத்தைக் கொண்டு மதிப்பிடும் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும் என்பதில் வள்ளுவமும் நற்செய்தியும் ஒன்றுபடுகின்றன.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு, அறிக்கையிடும் விசுவாசத்துக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையே காணப்படும் பிளவை நம் காலத்தின் கடுமையான தவறுகளுள் ஒன்றாக எண்ணியது. ஞாயிறு திருப்பலியில் ஒருவர், திங்கள்கிழமை கடைவீதியில் வேறொருவர் என்ற நிலையைப் பொதுநிலையினராகிய நாம் நன்கு அறிவோம்.

இக்குற்றத்திற்கு மாற்றாக இன்று ஒரு மருந்து பரவலாக விற்கப்படுகிறது. “மனத்தில் பட்டதைச் சொல்வேன், நான் இப்படித்தான், என்னை இப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்” என்பதே அம்மருந்து. இது வேடத்தைக் களைவது போலத் தோன்றினும், தன் முரட்டுத்தனத்தையும் சோம்பலையும் ‘உண்மை’ என்ற பெயரால் காத்துக்கொள்ளும் வழியாகவும் ஆகிவிடக் கூடும். நற்செய்தி தன்னையே மறுக்கச் சொல்கிறது. தம்முள் வாழ்வது தாமல்லர், கிறிஸ்துவே என்கிறார் புனித பவுல். ஆயின், கிறிஸ்தவனுக்குத் ‘தான்’ என்பது எது? அதனை எப்படிக் கண்டறிவது? இவ்வினாவிற்கு இறையியல் நூல்கள் தரும் விடையைவிட, வாழ்ந்து எழுதியோர் தரும் விடை நமக்கு அணுக்கமாக இருக்கும்.

நெய் பூசிய வரலாறுகள்

நம் பங்குகளின் நூல் விற்பனை மேசைகளில் புனிதர் வரலாறுகளுக்குக் குறைவில்லை. அவற்றுட் பலவற்றில் புனிதர் தொட்டிலிலேயே புனிதர். ஐயமில்லை, சினமில்லை, சோர்வில்லை. தொண்டைமானின் கொட்டிலைப் போல எல்லாம் நெய் பூசப்பெற்று ஒளிர்கின்றன. படிக்கும் குடும்பத்தலைவி வணங்குகிறார். தம் வாழ்வுக்கும் அதற்கும் தொடர்பில்லை என மூடி வைக்கிறார்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டாக லிசியே நகர்ப் புனித தெரசாவின் தன்வரலாற்றைக் கூறலாம். அவர் 1897-இல் இறந்தார். மறு ஆண்டே ‘ஓர் ஆன்மாவின் வரலாறு’ வெளிவந்து உலகெங்கும் பரவியது. ஆனால் அந்நூல், உடன்பிறந்த சகோதரியும் மடத்துத் தலைவியுமாக இருந்தவரால் பெரிதும் திருத்தப்பெற்றது. அவருடைய கையெழுத்துப்படிகள் உள்ளவாறே வெளிவர 1956 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவருடைய நிழற்படங்களும் அழகு கூட்டித் திருத்தப்பெற்றே நெடுங்காலம் வழங்கின. மூலப்படிகளும் மூலப்படங்களும் வெளிவந்தபோது புனிதரின் மதிப்புக் குறைந்ததா? உறுதிமிக்க முகமும், இறுதி மாதங்களில் விசுவாச இருளோடு போராடிய உள்ளமும் மக்களை மேலும் ஈர்த்தன. அன்போடு செய்யப்பட்ட மெருகும் மறைப்பே ஆகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கருக்கின் கூர்மை

தமிழ்க் கத்தோலிக்க வாழ்விலிருந்து இம்மெருகை முற்றிலும் மறுத்து எழுந்த நூல் ஒன்று உண்டு. பாமா எழுதிய ‘கருக்கு’ 1992-இல் வெளிவந்தது. மதுரையில் இயேசு சபையாரின் சமூக ஆய்வு மையமே அதனை வெளியிட்டது என்பது மறக்கத்தகாத செய்தி. திருச்சபையை இடித்துரைக்கும் நூலைத் திருச்சபையின் ஒரு கையே அச்சிட்டுக் கொடுத்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000-ஆம் ஆண்டுக்கான கிராஸ்வேர்ட் விருதைப் பெற்றது. பல்கலைக்கழகங்கள் பாடமாக வைத்துள்ள இந்நூலை, அது யாரைப் பற்றிப் பேசுகிறதோ அந்தப் பங்குமக்களுள் பலர் இன்னும் படிக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

‘கருக்கு’ என்பது பனைமட்டையின் இருபுறமும் உள்ள வாள்போன்ற பற்கள். விறகு பொறுக்கப் போகும் பிள்ளைகளின் தோலை அது கீறும். நூலின் முன்னுரையில் ஆசிரியர் இச்சொல்லை எபிரேயர் திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தோடு இணைக்கிறார். அங்கே இறைவாக்கு இருபுறமும் கூர்மையான வாளினும் கூரியது எனப்படுகிறது. எனவே இத்தலைப்பு ஒரே வேளையில் உடற்காயத்தையும் இறைவாக்கையும் குறிக்கிறது. காயப்படுத்தியதே அறுக்கும் கருவியாகவும் ஆகிறது. தலைப்பிலேயே ஓர் ஆன்மீகத்தை அடக்கிய நூல்கள் தமிழில் சிலவே.

நூலின் தொடக்கம் ஊரின் மலைகளையும் குளங்களையும் தெருக்களையும் விரிக்கிறது. தெருக்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. அஞ்சலகம், ஊராட்சி அலுவலகம், பெரிய கடைகள், பள்ளிகள், கோவில் அனைத்தும் மேல்சாதித் தெருக்களில் உள்ளன. இப்பட்டியலில் கோவிலும் இடம்பெறுவதை ஆசிரியர் உரத்துக் கூறவில்லை. வரிசையில் வைத்துவிட்டுப் போகிறார். கத்தோலிக்க வாசகர் அங்கே நின்றாக வேண்டும்.

நூலில் பலரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. மூன்றாம் வகுப்பு படிக்கும் சிறுமி பள்ளியிலிருந்து திரும்பும் வழியில், தன் தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிச் சென்று நிலக்கிழாரிடம் பணிந்து நீட்டுவதைக் காண்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டில் அண்ணனிடம் அந்த வேடிக்கையைச் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை, காரணத்தை விளக்குகிறார். சிரிப்பு அடங்குகிறது. இக்காட்சியின் ஆற்றல் அச்சிரிப்பில் இருக்கிறது. ஆசிரியர் தம்மைப் பிறவியிலேயே விழிப்புற்றவராகக் காட்டிக்கொள்ளவில்லை. தம் மக்களின் இழிவைப் பார்த்துத் தாமே சிரித்ததை மறைக்காமல் எழுதுகிறார். நெய் பூசாத எழுத்து என நாம் குறிப்பது இதனையே.

நூலின் மொழியும் இத்தகையதே. ஏட்டுத் தமிழைத் துறந்து, தம் தெருவின் பேச்சுத் தமிழிலேயே முழுநூலையும் எழுதினார் பாமா. அந்நாளில் இது சிலரால் குறையாகக் கருதப்பட்டது. இங்கே நற்செய்தியில் வரும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுரு தம் ஆண்டவரை மறுதலித்தபோது, அவருடைய பேச்சே அவரைக் கலிலேயர் எனக் காட்டிக்கொடுத்தது. நாவால் மறுத்ததை வட்டார வழக்கு மறுக்கவில்லை. பேதுரு மறைக்க முயன்ற அதே பேச்சைப் பாமா சான்றுரைக்கும் கருவியாக்கிக்கொண்டார்.

துறவறத்தின் உள்ளே

நூலின் பிற்பகுதி நம் வாசகர்களுக்கு மிகவும் கடினமானது. ஏழை எளியோருக்குப் பணிபுரியும் வேட்கையால் ஆசிரியப் பணியை விட்டுத் துறவற மடம் ஒன்றில் சேர்கிறார். பயிற்சிக் காலத்தில், தம்மையொத்த பெண்களைச் சில சபைகள் ஏற்பதில்லை என்ற செய்தி செவியில் விழுகிறது. வறுமை வார்த்தைப்பாடு எடுத்தோர் வசதிகளில் வாழ்வதையும், வசதியுடையோர் பிள்ளைகளுக்கே பள்ளிகள் பணிபுரிவதையும் காண்கிறார். கீழ்ப்படிதலும் பொறுமையும் பணிவும் இடைவிடாது கற்பிக்கப்படுகின்றன; கடவுள் நீதியுள்ளவர், அநீதியைக் கண்டு சினப்பவர் என்பது கற்பிக்கப்படுவதில்லை. ஏழாண்டுகளுக்குப் பின் அவர் வெளியேறுகிறார். வேலையில்லை, காசில்லை, ஊராரின் கேள்விக்கு விடையில்லை. ஆயினும் பொய்யாக வாழ்வதைவிட இதுவே மேல் என்ற தெளிவு அவருக்குக் கிட்டுகிறது.

“வீட்டுக் குறையை வீதியில் பேசலாமா?” என நம்மிடையே கேட்போர் உண்டு. திருச்சபையின் மீது கொண்ட அன்பினால் எழும் கேள்வி ஆதலின் இதனை ஒதுக்கிவிடுதல் ஆகாது. புனித அகுஸ்தினார் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் தம் அறிக்கைகளை எழுதத் தொடங்கியபோது தம் பாவங்களையே வெளியிட்டார். பாமாவோ பிறர் பாவங்களையும் வெளியிடுகிறார் என்பதும் எதிர்வாதமாகலாம். ஆனால் அகுஸ்தினாரைத் துன்புறுத்தியது அவருடைய சொந்தப் பாவம். பாமாவின் மக்களைத் துன்புறுத்தியது பிறருடைய பாவம். அடிபட்டவர் தம் கதையைச் சொல்லும்போது அடித்த கையைச் சொல்லாமல் விட முடியாது.

எனினும் திறனாய்வு என்ற முறையில் இந்நூலின் குறைகளையும் கூறியாக வேண்டும். முற்பகுதியில் ஒவ்வொரு மனிதருக்கும் முகம் உண்டு, குரல் உண்டு. பாட்டியும் தாயும் தெருப்பிள்ளைகளும் நம் கண்முன் நடமாடுகின்றனர். மடத்தைப் பற்றிய பகுதியில் அம்முகங்கள் மறைந்து ‘அவர்கள்’ என்ற கூட்டம் மட்டுமே எஞ்சுகிறது. நிகழ்ச்சி குறைந்து குற்றச்சாட்டு மிகுகிறது. ஒரே ஒரு சகோதரியின் முகமாவது முழுமையாகத் தீட்டப்பெற்றிருந்தால், அம்மடத்தின் பிளவு ஒரு மனித உள்ளத்தினுள் எப்படி நிகழ்கிறது என்பது நமக்கு விளங்கியிருக்கும். நிகழ்ச்சிகள் திரும்பத் திரும்ப வேறு கோணங்களிலிருந்து சொல்லப்படுவதைச் சிலர் குறை என்பர். காயம்பட்ட நினைவு காயத்தையே சுற்றிவரும் ஆதலின், அதனைக் குறையாக நாம் கொள்ளவில்லை.

இன்னொன்றும் உண்டு. வெளியேறிய பின் ஆசிரியரின் இறைவேண்டல் என்னவாயிற்று என்பதை நூல் முழுதாகச் சொல்லவில்லை. விசுவாசி ஒருவர் அவ்விடத்தில் பசியோடு நிற்பது இயல்பே. ஆனால் விடையில்லாத இடத்தில் விடை இருப்பதாகக் காட்டியிருந்தால் அதுவும் ஒரு பீலியாக அமைந்திருக்கும்.

எல்லா மறைப்பும் வேடமா?

இதுவரை கூறியவற்றால், உள்ளிருப்பதை எல்லாம் வெளியே கொட்டுவதே மெய்ம்மை என ஒருவர் முடிவு கட்டலாம். அம்முடிவு பிழையானது. 2007-இல் அன்னை தெரசாவின் தனிமடல்கள் நூலாக வெளிவந்தபோது உலகம் திகைத்தது. புன்னகையே உருவான அவ்வன்னை பல பத்தாண்டுகள் இறைவனின் அண்மையை உணராத இருளில் வாழ்ந்திருந்தார். அவ்விருளைத் தம் ஆன்ம குருக்களிடம் மட்டுமே மறைக்காமல் எழுதினார். அப்படியாயின் கொல்கத்தா வீதிகளில் அவர் காட்டிய புன்னகை வேடமா? சாகக்கிடந்தவரின் தலைமாட்டில் தம் சோர்வைக் காட்டாதிருந்தது அவர் மீதுள்ள அன்பினால். வெளிவேடக்காரர் தமக்குப் புகழ் தேடி மறைக்கின்றனர். அன்னையோ பிறரைத் தாங்குவதற்காக மறைத்தார். மறைப்பின் பயன் யாருக்குச் செல்கிறது என்று கேட்டாலே வேடம் எது, அன்பு எது எனத் தெளியும்.

இவ்வளவுகோலைக் கொண்டு நம் பங்குகளில் உள்ள ஒரு கடுமையான சிக்கலைக் காண்போம். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர்க்குரிய உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் என வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் அதனுள் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இசுலாமியரும் சேர்க்கப்படவில்லை. இத்தடையை நீக்குமாறு 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022-இல் நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. இதன் விளைவாகப் பல தலித் கிறிஸ்தவர்கள் இரு பெயர்களோடு வாழ்கின்றனர். திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் மற்றொரு பெயர். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவ வாழ்வு நடத்துபவர் வேலைவாய்ப்புக்காக மட்டும் தம்மை இந்து எனக் கோருவது அரசியலமைப்பை ஏமாற்றுவதாகும் எனத் தீர்ப்பளித்தது.

“விசுவாசத்தில் மெய்யாக இரு” என்று இம்மனிதரிடம் யார் சொல்வது? தம் பெயரை மறைக்கத் தேவையில்லாதவர் சொல்வது எளிது. அவருக்கு உண்மையின் விலை ஒரு காசும் இல்லை. இவருக்கோ உண்மையின் விலை மகளின் கல்லூரி இடம், மகனின் அரசுப் பணி. மெய்யாக வாழ்வதன் விலை எல்லாருக்கும் ஒன்றாக இல்லை என்பதை மறந்து செய்யப்படும் மறையுரை, காவல் மிக்க மாளிகையில் நின்றுகொண்டு பட்டறையில் கிடக்கும் வேலின் முனை ஏன் மழுங்கியது எனக் கேட்பதற்கு ஒப்பாகும்.

இரு பெயர் வாழ்வு நல்லது என நாம் கூறவில்லை. அது அம்மனிதரின் உள்ளத்தையே முதலில் அறுக்கிறது. தம் பிள்ளைக்கு வைத்த புனிதரின் பெயரை உரத்துக் கூப்பிட இயலாத தந்தையின் துயரம் சிறிதன்று. ஆனால் அப்பாரத்தை அவர் தோளில் ஏற்றியவர் யார் என்பதைக் கேளாமல் அவரை மட்டும் வெளிவேடக்காரர் என்பது நீதியாகாது. ‘பாமா’ என்பதும் புனைபெயரே. தமிழ்க் கத்தோலிக்கர் எழுதியவற்றுள் மிகவும் துணிந்து உண்மை பேசிய நூல்களுள் ஒன்று, திருமுழுக்குப் பெயரல்லாத பெயரில் வந்தது. பெயர் வேறுபட்டும் ஒருவர் மெய் பேச முடியும். பதிவேட்டுப் பெயரைத் தவறாமல் சொல்லிக்கொண்டே ஒருவர் பொய்யாக வாழவும் முடியும்.

தெளிந்த நீர்

தருமபுரி மாவட்ட மக்கள் நீரைப் பற்றிய ஓர் உண்மையை உடலால் கற்றவர்கள். இங்கே பல இடங்களில் நிலத்தடி நீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். ஆனால் அதில் மிகுதியாகக் கரைந்துள்ள ஃபுளோரைடு முதலில் பல்லில் கறையாகத் தோன்றும். நாளடைவில் எலும்பை வளைக்கும். 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்நோயைத் தணிக்கவே வகுக்கப்பட்டது. நம் பக்தியில் கரைந்துள்ள சாதியும் இத்தகையதே. பாடற்குழுவும் தேர்ப்பவனியும் செபமாலையும் தெளிவாகவே தோன்றும். கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவரிலும், திருமணப் பேச்சிலும், தேர் எத்தெரு வரை செல்லும் என்ற வாக்குவாதத்திலும் கறை வெளிப்படும்.

2012 நவம்பர் 7-ஆம் நாள் இம்மாவட்டத்தின் நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில், சாதி கடந்த திருமணம் ஒன்றைக் காரணமாகக் கொண்டு, நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. அதற்கடுத்த ஞாயிறு நவம்பர் 11. அன்று உலகெங்கும் கத்தோலிக்கத் திருப்பலியில் வாசிக்கப்பட்ட நற்செய்தி மாற்கு 12-ஆம் அதிகாரம். நீண்ட அங்கியணிந்து நடமாடி, பார்வைக்கு நெடுநேரம் செபித்து, கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞரைப் பற்றிய எச்சரிக்கையும், அதைத் தொடர்ந்து கைம்பெண்ணின் இரு காசுக் காணிக்கையும் அப்பகுதியில் உள்ளன. வழிபாட்டு நாள்காட்டி யாரும் திட்டமிடாமலே அவ்வாசகத்தை அந்நாளில் நம் கையில் வைத்தது. கோவிலூர், பி. பள்ளிப்பட்டி போன்ற பழம்பங்குகளிலிருந்து புதிய கிளைப்பங்குகள் வரை, அன்று அதனைக் கேட்டோர் எரிந்த வீடுகளையும் எண்ணிப் பார்த்தனரா என்பதை அவரவர் மனச்சான்றே அறியும்.

திருச்சபையின் தலைமை இதில் வாய்மூடி இருந்ததாகக் கூற இயலாது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், கிறிஸ்தவரிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல் இருந்தாலும் அது உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம் என எச்சரித்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களின் ஆற்றல்படுத்தலுக்கான கொள்கை ஏட்டை வெளியிட்டு, திருச்சபையினுள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. இவை நல்ல ஏடுகள். ஆனால் ஏடுகளும் படைக்கலங்களே. கொட்டிலில் வைத்துப் பார்த்தால் ஒளிரும். தருமபுரி மறைமாவட்டம் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான இளைய மறைமாவட்டம். பழைய மறைமாவட்டங்களின் பழைய சுவர்களை இங்கே புதிதாகக் கட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இனி ஔவையாரின் பாடலில் நாம் எஞ்ச விட்ட பகுதியைக் காண்போம். முனை சிதைந்த வேல்களைக் கூறியபின் அவ்வேல்களின் தலைவன் யார் என்று சொல்லி முடிக்கிறார் புலவர். அவன் ஏழைச் சுற்றத்தாரின் தலைவன். செல்வம் இருக்கும்போது உணவு கொடுப்பவன். இல்லாதபோது இருப்பதை அவர்களோடு அமர்ந்து உண்பவன். வேலின் மெய்ம்மைக்கும் பந்தியின் மெய்ம்மைக்கும் தொடர்பு கண்டது அப்பழம்பாடலின் பெருமை. கொடுப்பது எளிது, கொடுப்பவன் உயரத்தில் நின்றே கொடுக்கலாம். ‘கருக்கு’ நூலில் வரும் பாட்டிக்கும் கொடுத்தார்கள். தண்ணீர் உயரத்திலிருந்து கையில் ஊற்றப்பட்டது. மிஞ்சிய சோறு பாத்திரம் தொடாமல் கொட்டப்பட்டது. அங்கே கொடை இருந்தது, உடனுண்ணல் இல்லை. நற்கருணை விருந்தில் ஆண்டவர் நம்மை அழைப்பது உடனுண்ணலுக்கே. அங்கே ஒரே அப்பத்தை உண்டவர், வீட்டுத் திண்ணையில் வேறு குவளை வைப்பாராயின், அவருடைய வேடம் எவ்வளவு பக்தியாக இருப்பினும் வேடமே.

ஆகவே, மெய்யான கிறிஸ்தவராக வாழ விரும்புவோர் தம் உள்மனத்தை மட்டும் ஆராய்ந்து பயனில்லை. தம் பந்தியில் யார் அமர்கின்றனர், யார் அமர்வதில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அன்பியக் கூட்டங்களில் ஒரு மாதமேனும் ‘கருக்கு’ நூலின் முதற்பகுதியைச் சேர்ந்து படிக்கலாம். அதனுடன் மாற்கு 12-ஐயும் புறநானூற்றின் 95-ஆம் பாடலையும் வைத்துக்கொள்ளலாம். படித்து முடித்தபின், அக்கூட்டத்தில் உள்ள எல்லாரும் ஒருவர் வீட்டில் ஒருவர் உணவருந்தியதுண்டா எனக் கேட்டுப் பார்க்கலாம். விடை எதுவாயினும், அதனை மெருகிடாமல் சொல்வதே தொடக்கம்.